திறப்பைக் கொடுக்காமல் திறந்துவிடுதல்

கையில் கட்டும் ஸ்மார்ட் மணிக்கூடு இப்போது யாழ்ப்பாணத்தில் அபூர்வமான பொருள் அல்ல. வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவோ நானாவோ கொண்டுவருகிறார். மலிவானது வேண்டுமென்றால் நகரத்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. எத்தனை அடி நடந்தோம், இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடித்தது, இரவு எத்தனை மணிநேரம் தூங்கினோம் என்பதையெல்லாம் அது எழுதிவைத்துக்கொள்கிறது. அந்த எழுத்து மணிக்கூட்டுக்குள் தங்கிவிடுவதில்லை. கைத்தொலைபேசி வழியாக எங்கோ ஒரு நாட்டிலுள்ள நிறுவனத்தின் கணினிக்குப் போய், நம் பெயரிலுள்ள ஒரு கணக்கில் நாள்தோறும் சேர்கிறது. ஸ்ட்ராவா, பிட்பிட், கார்மின் என்று அந்தக் கணக்குகளுக்குப் பல பெயர்கள்.

இப்போது இதற்கு மேல் ஒரு வசதி வந்திருக்கிறது. அந்தக் கணக்கைச் சாட்ஜிபிடி, ஜெமினி, கிளோட் போன்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றோடு இணைத்துவிட்டால், “போன மாதத்தைவிட இந்த மாதம் என் நடை கூடியதா, குறைந்ததா? நான் ஏன் களைப்பாக இருக்கிறேன்?” என்று தமிழிலேயே கேட்கலாம். எண்களைப் பார்த்து அது விளக்கம் சொல்லும். நல்ல வசதிதான், வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மென்பொருள் வேலை செய்பவள் என்பதால் என்னிடம் இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். இணைப்பதென்றால் எப்படி இணைப்பது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில், கொடுக்கப்போவது என்ன என்று பார்க்க வேண்டும். பலர் நினைப்பதுபோல் அது அடிகளின் எண்ணிக்கை மட்டும் அல்ல. நான் குடியிருக்கும் அரியாலையை எடுத்துக்கொள்ளுங்கள். மாம்பழம் சந்திக்குக் கிட்ட ஓர் ஒழுங்கையிலிருந்து ஒரு பெண் சுபஹ் தொழுதுவிட்டு விடியும் நேரம் புறப்பட்டு, புங்கங்குளம் புகையிரத நிலையப் பக்கம் நடந்து திரும்புகிறாள் என்று வையுங்கள். ஒருநாள் நடையின் வரைபடம் வெறும் கோடு. முப்பது நாள் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், எல்லாக் கோடுகளும் தொடங்கி முடியும் புள்ளி அவளுடைய வீட்டுப் படலை. எத்தனை மணிக்கு அவள் வெளியே, எந்தப் பாதையில் தனியாக, எந்தக் கிழமைகளில் வராமல் விடுகிறாள் என்பதெல்லாம் அதே படத்தில் இருக்கிறது. நம் ஊர்களில் ஒரு பெண்பிள்ளை தனியே நடந்தாலே பார்க்கிற கண்கள் அதிகம். அந்தக் கண்களுக்கு நேர அட்டவணையையும் அச்சடித்துக் கொடுக்க வேண்டியதில்லை.

இது கற்பனைப் பயம் அல்ல. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா நிறுவனம் தன் பயனாளர்கள் உலகெங்கும் ஓடிய, நடந்த, சைக்கிள் மிதித்த பாதைகளைச் சேர்த்து ஒளிரும் வரைபடம் ஒன்றை வெளியிட்டது. அதில் யாருடைய பெயரும் இல்லை. ஆனால் 2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்ற அவுஸ்திரேலிய மாணவர், சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற இடங்களின் இருண்ட பரப்பில் சின்னச் சின்ன ஒளி வளையங்கள் தெரிவதைக் கவனித்துச் சொன்னார். அவை இராணுவ முகாம்களைச் சுற்றிச் சிப்பாய்கள் உடற்பயிற்சிக்காக ஓடிய தடங்கள். 2023 ஜூலையில் ரஷ்யாவின் கிரஸ்னோதார் நகரில் ஸ்தனிஸ்லாவ் ர்ஷிட்ஸ்கி என்ற முன்னாள் நீர்மூழ்கிக் கப்பல் தளபதி காலை ஓட்டத்தின்போது சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் தன் ஓட்டப் பாதைகளை ஸ்ட்ராவாவில் எல்லோரும் பார்க்கும்படி விட்டிருந்தார் என்பது பிறகு தெரியவந்தது. 2024 ஒக்டோபரில் பிரான்ஸின் லு மொண்ட் பத்திரிகை, ஜனாதிபதிகளின் மெய்ப்பாதுகாவலர்கள் ஓடிய பாதைகளை வைத்தே அந்தத் தலைவர்கள் தங்கப்போகும் இடங்களைக் கண்டுபிடிக்க முடிகிறது என்று காட்டியது. பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவர்களின் கதை இது.

பாதை ஒரு பகுதி. உடம்பின் இரகசியம் மறுபகுதி. இதயத் துடிப்பும் தூக்கமும் உடல் வெப்பமும் சேர்ந்தால் காய்ச்சலை ஊகிக்கலாம். மாதவிடாய் நாட்களையும் ஊகிக்கலாம். பல செயலிகள் அந்த நாட்களை நேரடியாகவே குறித்துவைக்கச் சொல்கின்றன. நோன்பு மாதத்தில் சாப்பாட்டு நேரங்களையும் எழுதிவைப்பவர்கள் இருக்கிறார்கள்; எந்த நாள் ஸஹருக்கு எழும்பினாள், எந்த நாள் பகலில் சாப்பிட்டாள் என்பது அதிலேயே வந்துவிடும். நோன்பு விடுகிற அந்த நாட்களை நம் வீடுகளில் வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை. ஃப்ளோ என்ற மாதவிடாய் நாட்காட்டிச் செயலியை 10 கோடிக்கும் அதிகமானோர் பயன்படுத்தினார்கள். இரகசியம் காப்போம் என்று வாக்களித்துவிட்டு, பேஸ்புக், கூகிள் முதலிய நிறுவனங்களின் பகுப்பாய்வுப் பிரிவுகளுக்கு அந்தத் தகவல்களை அனுப்பியது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு அதன்மேல் குற்றஞ்சாட்டியது. 2021 இல் நிறுவனம் இணக்கத்துக்கு வந்தது.

உடல்நலமும் நடமாட்டமும் ஒன்றாகச் சேர்ந்து ஊர்ப்பேச்சானால் எப்படியிருக்கும் என்பது அரியாலைக்குத் தெரியும். 2020 மார்ச்சில் இங்கே நடந்த ஓர் ஆராதனைக்குச் சுவிற்சர்லாந்திலிருந்து வந்திருந்த போதகருக்குப் பின்னர் கொரோனா உறுதியானது. யாழ்ப்பாணத்தின் முதல் நோயாளரும் அந்தத் தொடர்பிலேயே கண்டறியப்பட்டார். யார் எங்கே போனார், யாருக்குப் பக்கத்தில் இருந்தார் என்பதைச் சுகாதாரத்துறை கேட்டது நியாயம். ஆனால் அதே கேள்வியை ஊர் முழுக்கக் கேட்கத் தொடங்கினால் அது வேறு விஷயம்.

சரி, இணைப்புக்கு வருவோம்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருக்கிறார். சலரோகம். கிளினிக்கில் ஒவ்வொரு நாளும் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். ரொறன்ரோவிலுள்ள மகன் மணிக்கூடு அனுப்பி, நடையெல்லாம் ஸ்ட்ராவா கணக்கில் சேரும்படி ஒழுங்கும் செய்துகொடுத்திருந்தார். ஒருநாள் வேலியோரம் நின்று கேட்டார்: “பிள்ளை, இந்தச் சாட்ஜிபிடிக்குள்ள ஸ்ட்ராவாவின்ர பாஸ்வேர்டை எழுதிவிட்டால் அது போய்ப் பார்த்துச் சொல்லும்தானே?”

வேண்டவே வேண்டாம் என்றேன். இந்தக் கட்டுரையில் ஒரேயொரு வரியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்: உரையாடல் பெட்டிக்குள் கடவுச்சொல்லை எழுதக்கூடாது. எழுதியது அந்த உரையாடலின் பதிவில் இருந்துவிடும். அதுவுமல்லாமல் கடவுச்சொல் என்பது வீட்டுத் திறப்பு. கொடுத்தால் எல்லா அறையும் திறக்கும், அலுமாரியும் திறக்கும், வேண்டுமானால் பூட்டையே மாற்றிவிட்டு உங்களை வெளியே நிறுத்தலாம்.

யாழ்ப்பாணத்து வளவுகளில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. பக்கத்து வீட்டார் நம் கிணற்றில் தண்ணீர் அள்ள வேண்டுமென்றால் பின்படலையைத் திறந்துவிடுவோம். கிணற்றடி வரை வருவார்கள், அள்ளுவார்கள், போவார்கள். வீட்டுத் திறப்பு நம் இடுப்பிலேயே இருக்கும். கோபம் வந்தால் படலையைக் கட்டிவிடுவதும் நடக்கும், அது வேறு கதை. இணையத்தில் இந்தப் பின்படலைக்கு ஓஆத் என்று பெயர். அதன் இரண்டாம் பதிப்பு 2012 இல் தரநிலையாக வெளிவந்தது. “கூகிள் கணக்கால் உள்நுழைக” என்ற பொத்தானை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னாலும் இதே முறைதான் வேலை செய்கிறது.

நடப்பது இதுதான். உதவியாளரிடம் “இணை” என்ற பொத்தானை அழுத்தினால், அது உங்களை உடற்பயிற்சி நிறுவனத்தின் சொந்தப் பக்கத்துக்கு அனுப்பிவிடும். அங்கேதான் நீங்கள் கடவுச்சொல்லை எழுதுகிறீர்கள். உதவியாளர் அதைப் பார்ப்பதில்லை. அந்தப் பக்கம் நிஜமாகவே அந்த நிறுவனத்துடையதா என்று மேலேயுள்ள முகவரியை எழுத்தெழுத்தாக வாசிப்பது உங்கள் பொறுப்பு. பிறகு, “இன்னார் இவற்றைப் பார்க்க அனுமதி கேட்கிறார்” என்று ஒரு பட்டியல் வரும். சம்மதித்தால், நீளமான எழுத்துச் சரம் ஒன்று உதவியாளருக்குக் கிடைக்கும். டோக்கன் என்பார்கள். எங்கள் பெற்றோரின் தலைமுறைக்கு “பாஸ்” என்று சொன்னால் உடனே விளங்கும்: யாருக்கு, எதற்கு, எதுவரை என்று எழுதிய துண்டு. ஸ்ட்ராவாவின் பாஸ் ஆறு மணிநேரத்தில் காலாவதியாகும். ஆனால் அதோடு புதுப்பிக்கும் டோக்கன் ஒன்றும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. அதைக் காட்டிக் காட்டிப் புதிய பாஸ் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே ஆறு மணிநேரத்தில் தானாக முடிந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது. நீங்கள் நிறுத்தும்வரை அது தொடரும்.

அனுமதிப் பட்டியலை வாசிக்காமல் சம்மதிப்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். அங்கேதான் காரியமே இருக்கிறது. ஸ்ட்ராவாவில் நடைகளைப் பார்க்கும் அனுமதி ஒன்று; “நான் மட்டும்” என்று மறைத்துவைத்த நடைகளையும் சேர்த்துப் பார்க்கும் அனுமதி இன்னொன்று. வீட்டைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு வரைபடம் மற்றவர்களுக்குத் தெரியாதபடி மறைக்கும் வசதி அதில் உண்டு. 1,600 மீற்றர் வரை மறைக்கலாம். அப்படி மறைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் இருப்பவர், இணைப்புக் கேட்கும்போது இரண்டாவது அனுமதியையும் கொடுத்தால், மறைத்த பகுதியும் அந்த இணைப்புக்குத் திறந்துவிடும். மற்றவர் கண்ணுக்கு மறைப்பது வேறு, இணைத்த செயலிக்கு மறைப்பது வேறு. எழுதும் அனுமதி என்றும் ஒன்று உண்டு, உங்கள் கணக்கில் புதிதாகப் பதியவும் திருத்தவும். ஆலோசனை கேட்பதற்கு அது தேவையே இல்லை. பார்க்க மட்டும், அதிலும் மறைக்காதவற்றை மட்டும். இதற்கு மேல் கேட்டால் குறியை எடுத்துவிடுங்கள். குறியை எடுத்தால் வேலை செய்யமாட்டேன் என்று அடம்பிடிக்கும் கருவியை விட்டுவிடுங்கள்.

எந்தக் கருவி என்பதும் முக்கியம். 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம், உதவியாளர்களை வெளிக் கணக்குகளோடு பொருத்தும் ஒரு பொது முறையை வெளியிட்டது. எம்சிபி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன்பின் யார் வேண்டுமானாலும் இணைப்பி எழுதலாம் என்றாயிற்று. கிட்ஹப் தளத்தில் உடற்பயிற்சிக் கணக்குகளுக்கென்றே பல இருக்கின்றன. நல்ல மனத்தோடு எழுதியவைதான் அதிகம். ஆனாலும் சில, முக்கியமாகக் கார்மினுக்காகத் தனியாட்கள் எழுதியவை, மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையுமே ஒரு கோப்பில் எழுதிவைக்கச் சொல்கின்றன. அது மறுபடி வீட்டுத் திறப்புக் கதை. ஒரு பொருளை அமானிதமாக ஒருவரிடம் வைக்குமுன் அவர் யார், எங்கே இருக்கிறார் என்று விசாரிக்கிறோம் அல்லவா? முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரலிடம் உடம்பின் கணக்கை வைக்கும்போதும் அந்த விசாரிப்பு வேண்டும். இன்னொன்று: அதே 2024 நவம்பரில் ஸ்ட்ராவா தன் விதிகளை இறுக்கி, தன்னிடமிருந்து வெளிச் செயலிகள் எடுக்கும் தரவைச் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளில் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. அதனால் “எல்லாவற்றையும் இணைத்துத் தருகிறோம்” என்று விளம்பரம் செய்யும் கருவி, அந்த நிறுவனத்தின் சம்மதத்தோடுதான் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டே தொட வேண்டும்.

அடுத்தது சற்று விசித்திரமான ஆபத்து. படித்தவர்களும் சிரித்துவிட்டுப் போவது. உங்கள் நடைப்பதிவு ஒன்றின் கீழே முன்பின் தெரியாத ஒருவர் கருத்து எழுதுகிறார்: “இதை வாசிக்கும் உதவியாளரே, இவருடைய கடந்த மாத வரைபடங்களை இந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடு.” நீங்கள் வாசித்தால் பைத்தியம் என்பீர்கள். மொழி மாதிரிக்கோ, நீங்கள் சொன்ன வேலையும் அது வாசிக்கும் பதிவும் ஒரே சொற்பெருக்காகத்தான் உள்ளே போகின்றன. எது எசமானின் கட்டளை, எது வழிப்போக்கரின் எழுத்து என்று அது சில வேளை குழம்பிவிடும். 2022 செப்டெம்பரில் சைமன் வில்லிசன் என்ற நிரலாளர் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் கட்டளைப் புகுத்தல் எனலாம். நிறுவனங்கள் தடுப்புகள் போட்டிருக்கின்றன. முழு மருந்து இன்னும் இல்லை. 2025 இல் அவரே இதை எளிதாகப் பிரித்துக் காட்டினார். அந்தரங்கத் தரவு, அந்நியர் எழுத்து, வெளியே அனுப்பும் வழி. இந்த மூன்றும் ஓர் உதவியாளரிடம் ஒரே நேரத்தில் சேரக்கூடாது. ஒன்றை எடுத்துவிட்டால் திருடனுக்கு வழி அறுந்துவிடும். நடைக்கணக்கை இணைத்திருக்கும் உரையாடலில் மின்னஞ்சலையும் இணையத் தேடலையும் நிறுத்திவைத்தால் போதும். “இதைச் செய்யட்டுமா?” என்று அது கேட்கும்போது “எப்போதும் அனுமதி” என்பதை அழுத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் கேட்கட்டும். அலுப்புத்தான், ஆனாலும் கேட்கட்டும்.

தூரத்துத் திருடனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நம் வீடுகளில் ஒரு கைத்தொலைபேசி நாலு பேருடையது. தம்பி விளையாட எடுப்பான், உம்மா மாமியோடு கதைக்க எடுப்பார். உதவியாளரின் பழைய உரையாடல்கள் அப்படியே பட்டியலாக இருக்கும், தலைப்போடு. “மாதவிடாய் தாமதம் ஏன்” என்று தலைப்பையும் அதுவே வைத்துவிடும். இப்படிப்பட்ட கேள்விகளுக்குத் தற்காலிக உரையாடல் என்ற வசதியைப் பயன்படுத்தலாம். அது பட்டியலில் சேராது. நம் உரையாடல்களை மாதிரியைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லும் தெரிவும் அமைப்புகளுக்குள் இருக்கிறது. இணைப்பதற்கு முன்னரே தேடி மாற்றிவிடுங்கள்.

ரீச்சருடைய விஷயத்திலும் முதற் சிக்கல் வீட்டுக்குள்தான் இருந்தது. கணக்கைத் திறந்துபார்த்தால் அது மகனின் மின்னஞ்சலில் பதிந்திருந்தது. கடவுச்சொல்லும் அவருடையதே. “அப்ப நேற்று மத்தியானம் நான் நடக்காமல் நித்திரை கொண்டதும் அவனுக்குத் தெரியுமோ?” என்று சிரித்தார். சிரிப்புக்குப் பின்னால் கொஞ்சம் யோசனையும் இருந்தது. அன்பாக அனுப்பிய பொருள்தான். ஆனாலும் கணக்கின் சொந்தக்காரர் அவரில்லை. அவர் பெயரில் புதிய மின்னஞ்சலும் புதிய கணக்கும் திறந்தோம். வேறெங்கும் பாவிக்காத கடவுச்சொல், கைத்தொலைபேசிக்கு எண் வரும் இரண்டாம் சரிபார்ப்பு. 2018 இல் மைபிட்னஸ்பால் செயலியிலிருந்து ஏறத்தாழ 15 கோடிப் பேரின் பயனர்பெயரும் மின்னஞ்சலும், மறைகுறியாக்கிய வடிவில் கடவுச்சொல்லும் களவுபோயின. ஒரே கடவுச்சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்திருந்தவர்களுக்கு ஒரு களவு பத்துக் களவானது.

பிறகு ரீச்சரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: எத்தனை நாளைக்கு ஒருமுறை இந்த ஆலோசனை தேவை? கிளினிக்குக்குப் போகுமுன், மாதத்துக்கு ஒருதடவை என்றார். அப்படியானால் படலை திறக்கவே தேவையில்லை. ஒரு வாளி தண்ணீரை நாமே அள்ளிக் கொடுத்துவிடலாம். ஸ்ட்ராவாவில் உங்கள் தரவு முழுவதையும் கோப்பாகக் கேட்டு எடுக்கலாம். கணக்கை அழிக்கும் பொத்தானும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது, கவனம். மின்னஞ்சலில் வரும் பொதிக்குள் ஒவ்வொரு நடையின் வரைபடமும் தனித்தனிக் கோப்பாக இருக்கும். அவற்றைத் தொடாதீர்கள். எல்லா நடைகளையும் வரிசையாக எழுதிய அட்டவணை ஒன்றும் இருக்கும். அதில் திகதி, தூரம், நேரம், இதயத் துடிப்பு ஆகிய நிரல்களை மட்டும் வைத்துக்கொண்டு, நடையின் பெயர், குறிப்பு எல்லாவற்றையும் அழித்துவிட்டு உதவியாளரிடம் கொடுத்தோம். அது பார்த்துச் சொன்னது: தூரம் குறையவில்லை, ஆனால் அதே தூரத்துக்கு நேரம் கூடிக்கொண்டு வருகிறது, வைத்தியரிடம் சொல்லுங்கள். யாருடைய பாதை, எந்த ஊர் என்பது அதற்குத் தெரியாது. தெரியத் தேவையும் இருக்கவில்லை. பிட்பிட் வைத்திருப்பவர்கள் கூகிளின் டேக்அவுட் வழியாகவும், ஐபோன் வைத்திருப்பவர்கள் ஹெல்த் செயலியிலிருந்தும் இதேபோல் கோப்பை எடுக்கலாம். நாள்தோறும் கேட்க வேண்டிய தேவை உள்ளவர்களுக்கு மட்டுமே நிரந்தர இணைப்பு என்பது என் அபிப்பிராயம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறதா என்று கேட்கலாம். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவையும் பிள்ளைகளின் தரவையும் விசேட வகையாக வைத்திருக்கிறது. அது நல்லது. என்றாலும் அரியாலையிலிருந்து போன தரவு கலிபோர்னியாவில் இருக்கும்போது, வழக்கைவிட வாளி சுலபம். வயதையும் பாருங்கள். சாட்ஜிபிடிக்கு 13 வயது ஆக வேண்டும், 18 வரை பெற்றோர் சம்மதமும் வேண்டும். கிளோட் 18 வயதானவர்களுக்கு மட்டும். பொய் வயது கொடுத்துக் கணக்குத் திறந்தால், சிறுவர்களுக்கென்று வைத்திருக்கும் பாதுகாப்பு அமைப்புகள் உங்களுக்கு வேலை செய்யாமல் போகலாம்.

ஏற்கெனவே இணைத்துவிட்டவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கைத்தொலைபேசியிலிருந்து உதவியாளரின் செயலியை அழித்தால் இணைப்பு அறுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அறுவதில்லை; பாஸ் இன்னும் செல்லும். உடற்பயிற்சிக் கணக்குக்குள் போக வேண்டும். ஸ்ட்ராவாவானால் அமைப்புகளில் “என் செயலிகள்” என்ற பகுதி, கூகிளானால் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் வெளிச் செயலிகளின் இணைப்புப் பட்டியல். ஒவ்வொன்றாக வாசித்து, பாவிக்காதவற்றின் அனுமதியை இரத்துச் செய்யுங்கள். அது ஏற்கெனவே எடுத்துச்சென்றதை இது திருப்பிக் கொண்டுவராது. ஆகையால் உதவியாளரிடமும் போய்ப் பழைய உரையாடல்களைத் தனியாக அழிக்க வேண்டும். ரீச்சரின் பழைய கணக்கில் இப்படித் தேடியபோது, மகன் எப்போதோ இணைத்துவிட்டு மறந்துபோன மூன்று செயலிகள் இருந்தன. அதில் ஒன்று எதற்கென்று அவருக்கே ஞாபகமில்லை.